நேர் மேல் வீட்டில் முப்பது நிமிடம்

வட நார்வே முழுக்கத் தேடினாலும் ஓட்னி பயந்த மாதிரிப் பயந்தவர் ஒருவர் கிடைக்கமாட்டார். மதியம் ஒன்று பத்தொன்பதுக்குக் கருகருவென்று இருந்த அவள் தலைமுடி, ஒன்று முப்பதுக்குப் பஞ்சாக வெளுத்துவிட்டது. மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியை அவள் பிடித்த பிடியில் ஐந்து விரலும் பதிந்துபோய், இன்றைக்கும் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் அதில் விரல் வைத்து அளவு பார்க்கிறார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஓட்னிக்குக் கருப்பு முடி பிறந்ததிலிருந்தே கிடையாது. வைக்கோல் நிறம், நரைத்தால் அவளுக்கே தெரியாது. கைப்பிடியும் மரம்தான். ஆனால் பயத்தில் மட்டும் ஒரு துளிகூடக் கூட்டவில்லை. அதைக் கூட்ட என்னாலும் முடியாது.

ஓட்னி எங்கள் ஊர்க் கல்லூரியில் சமூகப் பணிப் பாடம் எடுத்தவள். அப்போது ஐம்பத்து நான்கு வயது. பாடம் எடுத்தவள் என்று சொல்வதுகூடச் சரியில்லை; அவள் வகுப்பில் சொல்லுவது குறைவு, செய்யவைப்பதுதான் அதிகம்.

"புத்தகம் படிச்சா தலைக்குத் தெரியும். ஆனா நாளைக்கு ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிக்கப்போறது தலை இல்ல, காலு. மணி அடிக்கப்போறது கை. அதுங்க ரெண்டுக்கும் யாரு பாடம் எடுக்கறது?" என்று முதல் நாளே கேட்பாள்.

அவளுடைய மாணவர்கள் உதவித்தொகை அலுவலகத்தில் சீட்டு எடுத்து, விண்ணப்பத்தோடு அரை நாள் காத்திருந்து, 'இந்தப் படிவம் இல்லை, வேறு படிவம்' என்று கேட்டுத் திரும்ப வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பனியில் தபால் நிலையம் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவார்கள். அவர்கள் கதிகலங்குவது மூன்றாவதற்குத்தான். முன்பின் தெரியாத பத்து வீடுகளில் மணி அடித்து, ஒரு கோப்பைச் சர்க்கரை கேட்டு வாங்கி வர வேண்டும்.

முன்கூட்டிச் சொல்லாமல் அடுத்த வீட்டு மணியை அடிப்பது எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தால் மட்டும்தான். அதுவும் பெரிய தீயாக இருந்தால். ஒரு பெண் இரண்டாம் வீட்டு வாசலிலேயே அழுதுவிட்டாள். ஒருவன் கடைக்கு ஓடிச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கி, பத்துக் கோப்பையில் பிரித்துக் கொட்டிக்கொண்டு வந்து, எல்லோரும் அன்பாகக் கொடுத்தார்கள் என்று சாதித்தான். பத்தும் ஒரே அளவு என்பதில் மாட்டிக்கொண்டான். இல்வா என்ற பெண் மட்டும் பத்து வீடு ஏறிப் பதினொரு கோப்பையோடு இறங்கி வந்தாள். கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளியிருந்த பண்ணையில் பிறந்தவள், வயது இருபத்தொன்று, அதிகம் பேசமாட்டாள்.

"பதினொண்ணு எப்படி?"

"ஒரு வீட்டுல பாட்டி ரெண்டு குடுத்தாங்க. உக்காரச் சொன்னாங்க. உக்காந்தேன். அதான் லேட்டு."

ஓட்னி பட்டியலில் குறித்துக்கொண்டாள். அவள் எப்போதும் கீழே, வாசலில், பட்டியலோடுதான் நிற்பாள். ஒரு தடவைகூட மேலே ஏறி ஒரு மணியையும் அடித்துக் காட்டியதில்லை. அது யாருக்கும் உறைத்ததில்லை.

உறைத்துக் கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். இருபத்தாறு வருடங்களுக்கு முன், தெற்கே ஒரு மீன்பிடி ஊரில் சமூகப் பணியாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நீல நிறக் கதவு ஒன்றின் முன் நின்றாள். உள்ளே ஒரு பெண் தனியாக இருந்தாள். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று தலைக்கு எல்லாம் தெரியும். கை எழும்பவில்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டு, திங்கட்கிழமை வரலாம் என்று திரும்பிவிட்டாள். திங்கட்கிழமை போலீஸ்காரரோடு வந்தபோது மணி அடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு மணி அடிக்கக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டாள். இதை அவள் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இரண்டாம் ஆண்டில் வீட்டுச் சந்திப்பு. அதற்காக ஒரு நான்கு மாடிக் குடியிருப்பில் காலியாக இருந்த வீட்டை நகரசபை கல்லூரிக்குக் கொடுத்திருந்தது. பழைய சோபா, பழைய மேசை, உதவி தேவைப்படுகிறவராக நடிக்க பேடர். பேடர் முப்பது வருடம் கார்களை ஏற்றிப் போகும் படகில் கயிறு கட்டி ஓய்வுபெற்றவர். தொழிலாளர் மன்ற நாடகங்களில் கதாநாயகன். கண்ணீர் என்றால் குழாயைத் திறந்த மாதிரி வரும்.

ஒரு மாணவர் ஒரு தாளைப் படித்துவிட்டு வர வேண்டும். தாளில் அந்த ஆளின் பெயர், கஷ்டம், குடியிருப்பின் முகவரி. வீட்டைக் கண்டுபிடிப்பதும் பாடத்தில் சேர்த்தி. முப்பது நிமிடம் பேச வேண்டும். ஓட்னி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்து குறிப்பு எடுப்பாள். சட்டம் இரண்டே இரண்டு. முதலாவது, பாதியில் அந்த ஆள் எழுந்து, "இது விளையாட்டு இல்ல, நான் நடிக்கல" என்று கத்தினாலும் கலங்கக் கூடாது, அதுவும் பயிற்சிதான். இரண்டாவது, முப்பதாவது நிமிடத்தில் மாணவர் ஒரு தடவை கை தட்டி, "ஆட்டம் முடிஞ்சுது, நன்றி" என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். நடித்த துக்கத்தை யாரும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகக் கூடாது என்பதற்காக ஓட்னியே யோசித்து வைத்த சட்டம். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

தாளை அவளே எழுதுவாள். அந்த வருடம் எழுதியது நன்றாக அமைந்துவிட்டது என்று அவளுக்கே தோன்றியது. 'லுண்டே. ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்துவிட்டாள். தனியாக இருக்கிறார். பகலிலும் திரைச்சீலை திறப்பதில்லை. தபால் பெட்டி நிரம்பி வழிகிறது. இலையுதிர்காலத்தில் குடியிருப்பே கூடி முற்றம் கூட்டியபோது இவர் மட்டும் இறங்கி வரவில்லை.' இப்படி ஒரு ஆளை வெறும் தலையிலிருந்து உருவாக்கிவிட்டோமே என்று மகிழ்ந்து, பயிற்சி வீட்டுக் கதவில் லுண்டே என்று ஒரு துண்டுச் சீட்டையும் ஒட்டினாள். ஊரில் அந்தப் பெயர் பத்துப் பேருக்கு உண்டு, பேடர்கூட ஒன்றும் நினைக்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரம். இரண்டு மாதத்துக்குப் பிறகு சூரியன் மலைக்கு மேல் தலை காட்டிய நாள். ஊரே வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து, நான்கு நிமிட வெயிலைப் பார்த்துவிட்டு, ஜாம் வைத்த சூரிய பன் தின்றுகொண்டிருந்தது. பயிற்சி வீட்டு மேசையிலும் ஒரு தட்டு நிறைய இருந்தது. ஒரு மணிக்கு இல்வா வர வேண்டும்.

ஒன்று மூன்று. மணி அடிக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு மணிக்கு வருகிறேன் என்றவர் ஒரு மணிக்கு முன்னால் வந்துவிட்டால், பனியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரியாக ஒரு மணிக்குத்தான் அடிப்பார். மூன்று நிமிடம் தாமதம் என்றால் எங்கோ விழுந்து கிடக்கிறார் என்று பொருள்.

"பஸ்ஸு வழுக்கியிருக்கும்" என்றார் பேடர், மூன்றாவது பன்னை எடுத்தபடி.

"சாப்பிட்டுக்கிட்டே இருந்தீன்னா அழும்போது விக்கும்."

"விக்கினா இன்னும் நல்லா இருக்கும். போன வருஷம் அப்படித்தான் ஒரு பையன் தண்ணி எடுத்துட்டு வந்து குடுத்தான். பாஸ் போட்டியே."

ஒன்று பத்து. ஒன்று பதினைந்து. ஓட்னி இரண்டு தடவை சன்னலில் எட்டிப் பார்த்தாள். கீழே பனியில் ஒரு சோடிக் காலடித் தடம் வாசல் வரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

அப்போது பேடர் தலையை உயர்த்தி மேலே பார்த்தார்.

"ஆச்சரியமா இருக்கே. மேல பேச்சுச் சத்தம் கேக்குது."

"கேட்டா என்ன?"

"மூணு வருஷமா இங்க வந்து அழறேன், மேல ஒரு நாற்காலி நகர்ற சத்தம்தான் கேட்டிருக்கேன். அஸ்லாக் வீடு. அஸ்லாக் லுண்டே."

ஓட்னிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. லுண்டே. கீழே நுழைவாயிலில் வரிசையாகத் தபால் பெட்டிகள். தினமும் அவற்றைக் கடந்துதான் வருகிறாள். அதில் ஒரு பெட்டியின் வாய் மூட முடியாமல் செய்தித்தாள்கள் பிதுங்கிக்கொண்டிருக்கும். அதன் மேலும் அதே பெயர். முற்றத்திலிருந்து பார்த்தால் எப்போதும் மூடிக் கிடக்கும் பச்சைத் திரைச்சீலை. முற்றம் கூட்டிய நாளில் யாரோ, "லுண்டே இந்தத் தடவை வரல" என்று முணுமுணுத்தது. அவள் எதையும் உருவாக்கவில்லை. நேர் மேல் வீட்டில் இருந்த மனிதனைப் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, தன் கற்பனை என்று நினைத்திருக்கிறாள். மனைவியை மட்டும் அவளே சேர்த்திருக்கிறாள். இல்வா புத்திசாலி. நுழைவாயிலில் நின்று பெட்டிகளைப் படித்து, லுண்டே எந்த மாடி என்று பார்த்து, நேராகப் போயிருக்கிறாள்.

ஓட்னி கம்பளிக் காலுறையோடு படிக்கட்டுக்கு ஓடினாள். மேல் வீட்டு வாசலில் இல்வாவின் மஞ்சள் பூட்ஸ், பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர பூட்ஸை வெளியே விட்டுவிட்டுப் போ என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். மணி ஒன்று பத்தொன்பது.

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த பேடர் காதோடு சொன்னார். "அவனும் அவன் தம்பியும் ஒரு படகு வச்சிருந்தாங்க. போன செப்டம்பர்ல ரெண்டு பேரா போயி இவன் மட்டும்தான் திரும்பி வந்தான். ஏம்மா, இன்னொண்ணு. இவன் பனிக்கோழி சுடப் போறவன். வீட்டுல துப்பாக்கி இருக்கு."

ஊரில் பாதி வீட்டில் இரும்பு அலமாரிக்குள் துப்பாக்கி இருக்கத்தான் செய்கிறது. வேறொரு நாளாக இருந்தால் அவள் காதில்கூட ஏறியிருக்காது. இப்போது பேடரைப் பிடித்துக் கீழே தள்ளினாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணு. அவசர டாக்டருக்கு. சங்கு ஊதாம வரச் சொல்லு. என்ன கேட்டாலும் ஒளிக்காம சொல்லு. போ!"

பேடர் போனார். ஓட்னி கதவில் காதை வைத்தாள்.

முதலில் தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல், பல நாள் பேசாத தொண்டையிலிருந்து வருவது போல.

"ஏம்மா, நீ யாருன்னு எனக்குத் தெரியல. ஆனா இது விளையாட்டு இல்ல."

ஓட்னி கண்ணை மூடிக்கொண்டாள். அதே வாக்கியம். பேடரின் வாக்கியம். நம்பாதே, கலங்காதே, அதுவும் பயிற்சிதான் என்று அவள் கரும்பலகையில் எழுதிப் போட்ட வாக்கியம்.

"நீங்க சொல்றத நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் இல்வா, அமைதியாக. அதுவும் ஓட்னி கற்றுக்கொடுத்ததுதான். பெண் பாடத்தை ஒப்பிக்கிறாள். உள்ளே ஒரு மனிதன் தன் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். எதிரே ஒரு பெண் மதிப்பெண் வாங்க உட்கார்ந்திருக்கிறாள். அவர் எவ்வளவு உண்மையாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கு அவள் மனசுக்குள், அடேயப்பா எப்படி நடிக்கிறார் என்று வியப்பாள். ஒன்று முப்பதுக்கு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வாய் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, படார் என்று கை தட்டிச் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பாள். ஆட்டம் முடிஞ்சுது, நன்றி. அதற்குப் பிறகு அந்த மனிதன் என்ன செய்வான்?

ஒன்று இருபத்து மூன்று. மணிப் பொத்தான் கதவுக்கு வலது பக்கம், ஒரு முழ தூரத்தில் இருந்தது. கையை உயர்த்தப் பார்த்தாள். எழும்பவில்லை. எழும்பவில்லை என்றால் தோளிலிருந்து கீழே கையே இல்லாதது போல இருந்தது. அடித்தால் என்ன ஆகும்? பயிற்சி முடிந்தது, டீச்சர் வந்துவிட்டாள் என்று இல்வா குதித்து எழுந்து கை தட்டிவிட்டால்? அடிக்காவிட்டால் இன்னும் ஏழு நிமிடத்தில் எப்படியும் தட்டுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் வைத்த சட்டமே வழியை மறித்து நின்றது. அவளுக்கு இந்தக் கதவே கண்ணில் படவில்லை. இது பழுப்புக் கதவு. அவள் கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கனத்த காலடி. சாவி ஒன்று பூட்டுக்குள் நுழைந்து திரும்பும் சத்தம். பிறகு இரும்புக் கீல் கிறீச்சிட்டது.

"இதத்தான் தினமும் திறந்து பாக்கறேன். பாத்துட்டு மூடிடுவேன். இன்னிக்கு மூடறதா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்பதான் நீ மணி அடிச்ச."

ஓட்னி மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வியர்வை முதுகில் ஓடியது, பாதம் மட்டும் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. உள்ளே இல்வா ஏதோ மெதுவாகக் கேட்டாள்; என்ன என்று விளங்கவில்லை. அவர் பதில் சொன்னார், அதுவும் விளங்கவில்லை. பிறகு வந்ததெல்லாம் வெறும் முணுமுணுப்பு.  ஒன்று இருபத்தாறு. ஒன்று இருபத்தெட்டு. வினாடி முள் சுற்றுவதைப் பார்க்கப் பார்க்க, கத்தலாம் என்று தோன்றியது. வாய் திறந்தது, மூச்சுதான் வந்தது, அதுவும் நாய் இளைப்பது போல.

ஒன்று முப்பது.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கை தட்டியதா, இரும்பா? இரும்புதான்.

அப்போதுதான் ஓட்னியின் கை எழுந்தது. இருபத்தாறு வருடமாகத் தோளில் தொங்கிக்கொண்டிருந்த கை எழுந்து, பொத்தானைத் தொட்டு, அழுத்தியது. மணி குடியிருப்பு முழுக்க அலறியது. கீழ் வீட்டு நாய்கள் குரைத்தன. கதவு திறந்தது.

உயரமான மனிதர். பல நாள் தாடி. கம்பளிச் சட்டையின் உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் சமையலறை மேசை முன்னால் இல்வா உட்கார்ந்திருந்தாள், உயிரோடு, இரண்டு கையையும் மேசை மேல் பரப்பி வைத்துக்கொண்டு.

"நான் கீழ் வீட்டுலேருந்து வரேன்" என்றாள் ஓட்னி.  "சூரியன் வந்துருச்சுல்ல. அதான், பன் குடுக்கலாம்னு."

அவர் அவளுடைய வெறும் கையைப் பார்த்தார். "பன்னு எங்க?"

"கீழ இருக்கு."

"ஓ."

 "சரி, பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் காலில் பூட்ஸே இல்லை என்பதைக் கண்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஓட்னி போய் உட்கார்ந்தாள். இல்வாவின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கைகள் எந்த வினாடியும் ஒன்றோடொன்று மோதலாம். இல்வா அவளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இவங்க ஓட்னி. எனக்குத் தெரிஞ்சவங்க. நம்மளோட உக்காரட்டுமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

"உக்காரட்டும். நடுங்கறாங்க பாரு. காப்பி ஊத்தறேன்."

அவர் ஊற்றினார்.  அறையின் மூலையில் இரும்பு அலமாரி மூடியிருந்தது. அதன் சாவி இல்வாவின் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. விரலிடுக்கில் நுனி தெரிந்தது. எப்படி அங்கே வந்தது என்று கேட்கும் நிலையில் அன்று யாரும் இல்லை.

இரண்டு மணிக்கு முன் டாக்டர் வந்தாள், சங்கு ஊதாமல். அவளுக்குப் பின்னால் பேடர், பன் தட்டோடு. அதில் இரண்டுதான் மீதி இருந்தது. டாக்டர் அஸ்லாக்கோடு முக்கால் மணி நேரம் பேசினாள். ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதமா என்று கேட்டாள். அவர் இல்வாவைப் பார்த்தார்.

"அந்தச் சாவிய டாக்டர்கிட்ட குடுத்துடு. நானே கேட்டாலும் குடுக்க வேணாம்னு சொல்லு" என்றார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கார் போன பிறகு படிக்கட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓட்னிதான் முதலில் கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"மூணாவது நிமிஷம்."

"என்னது!"

"பேடர் அழுவாருன்னு கல்லூரி முழுக்கத் தெரியுமே. ரெண்டாவது நிமிஷமே ஆரம்பிச்சுடுவாராம். இவரு அழவே இல்ல. தாள்ல மனைவின்னு இருந்துச்சு, இவரு தம்பின்னாரு. அப்பவே புரிஞ்சுருச்சு."

"எழுந்து வந்திருக்கலாம்ல!"

"பூட்ஸு வெளிய கிடந்துச்சு" என்றாள் இல்வா. சொல்லிவிட்டு, அது பதில் ஆகாது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். "அவரு பேசிக்கிட்டு இருந்தாரு ஓட்னி. எப்படி எழுந்து வர்றது?" என்றாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள். பேடரே தோற்றுப்போகும் அழுகை.

இரண்டு மாதம் கழித்து அஸ்லாக் வீட்டுக்குத் திரும்பினார். துப்பாக்கிகளை எப்போதோ போலீஸ்காரர் எடுத்துப் போயிருந்தார். ஓட்னி முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய், எதையும் மறைக்காமல் அந்தத் தாளை அவர் முன் வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"திரைச்சீலையப் பாத்திருக்கீங்க."

"ஆமா."

"தபால் பெட்டியையும் பாத்திருக்கீங்க. பாத்துட்டு, மேல வராம, பேப்பர் எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"இதுக்கு எத்தனை மார்க்கு?"

"மார்க்கு கிடையாது. பாஸ், இல்லன்னா ஃபெயில்."

"அந்தப் பொண்ணு?"

"பாஸ்."

"நீங்க?"

 அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த வசந்தத்தில் முற்றம் கூட்டிய நாளில் வாருகோலோடு இறங்கி வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் ஊர் வழக்கப்படி.

அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் புது மாணவர்களுக்கு ஓட்னி இந்தக் கதையைச் சொல்கிறாள், அஸ்லாக்கிடம் கேட்டு, பெயரை மாற்றி. நீலக் கதவையும் சேர்த்துத்தான். மேலே சொன்னதெல்லாம் அவள் சொல்கிறபடிதான், என் பங்குக்கு ஒன்றிரண்டு நாய்கள் போக. மணி குடியிருப்பு முழுக்க அலறும் இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள்.

போன ஆகஸ்டில் சொல்லி முடித்தபோது, முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"உங்களுக்குக் கடைசி நிமிஷத்துல கை எழும்பிருச்சு. எனக்கு எழும்பலன்னா என்ன பண்றது?"

 ஆறு வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

பின்வரிசையில் இல்வா எழுந்தாள். அவளும் இப்போது அதே கல்லூரியில்தான் பாடம் எடுக்கிறாள்.

"ஓட்னி, ஒரு சின்னத் திருத்தம் சொல்லிக்கலாமா? நீங்க மணி அடிக்கவே இல்ல."

"அடிச்சேன். விரல் வலிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு."

"இல்ல. மணி அடிக்கல. கதவத் திறந்தப்ப உங்க கை அந்தரத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. உங்க மூச்சுச் சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. அஸ்லாக்தான் முதல்ல கேட்டாரு. 'வெளிய யாரோ ரொம்ப நேரமா நிக்கிறாங்க, பாவம், பயந்துபோயிருக்காங்க, போய்த் திறக்கறேன்'னு சொன்னாரு. ரெண்டு அடி வச்சுட்டு நின்னாரு. 'பயந்த ஆளு உள்ள வரும்போது இது திறந்து கிடக்கக் கூடாது'ன்னு திரும்பி வந்து, அலமாரியப் பூட்டி, சாவிய என் கையில வச்சுட்டுப் போய்த்தான் கதவத் திறந்தாரு."